சயீதுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார்? – ஐவரின் விவாதம்

பொருநைக்கரை

துனிசியாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்த அதிபர் தேர்தலில் கைஸ் சயீத் 90 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி மீண்டும் வென்றார். வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு 29 பேர்கூட இல்லை. எதிர்த்து நின்ற இருவரில் ஒருவரான அயாஷி ஸம்மெல் சிறையில் இருந்தபடியே வேட்பாளர். 2009இல் அன்றைய அதிபர் பென் அலி வாங்கியது 89 சதவீதம் சொச்சம். ஒரு புரட்சி நடந்து, ஒரு சர்வாதிகாரி விமானம் ஏறி ஓடி, பதின்மூன்று ஆண்டு கழித்து அதே கணக்குக்கு வந்து நிற்கிறது அந்த நாடு.

இதைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு பதில் வருகிறது. அரபு மக்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்பது ஒன்று. அதை வாதமாகவே நான் எடுத்துக்கொள்வதில்லை. நன்றாக நடந்துகொண்டிருந்த ஜனநாயகத்தை சயீத் என்ற ஒரு தனி மனிதர் 2021 ஜூலை 25 இரவில், பிரதமரை நீக்கி நாடாளுமன்றத்தை முடக்கி, கவிழ்த்துவிட்டார் என்பது மற்றொன்று. சொல்பவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அன்றிரவு ஊரடங்கையும் மீறி ஜனங்கள் தெருவில் இறங்கி, கார் ஹாரனை அலறவிட்டுக் கொண்டாடினார்களே, அதற்கு என்ன விளக்கம்?

என் வாதம் இதுதான்: கதவைத் திறந்துவிட்டவர்கள் 2011 முதல் 2021 வரை ஆண்டவர்களே.

2010 டிசம்பர் 17 அன்று சிதி பூஸித் ஊரில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். முகம்மது புவாஸிஸி, 26 வயது, தள்ளுவண்டியில் பழம் விற்றவர். நகராட்சிக்காரர்கள் தராசைப் பறித்துக்கொண்டு போய்விட்டார்கள். முறையிடப் போன இடத்தில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆளுநர் அலுவலக வாசலிலேயே உடம்பில் தீ வைத்துக்கொண்டார். அங்கிருந்துதான் புரட்சி கிளம்பியது. சிதி பூஸித் விளையாத பூமி அல்ல; காய்கறியும் ஆலிவும் விளைந்து நாடு முழுவதும் போகும் மாவட்டம் அது. தொழிற்சாலை, ஓட்டல், பல்கலைக்கழகம் எல்லாம் கடற்கரை நகரங்களில். அதற்கு முன்பே, 2008இல், கஃப்ஸா பக்கம் ரெதெயெஃப் என்ற சுரங்க ஊர் ஆறு மாதம் கொந்தளித்தது. பாஸ்பேட் கம்பெனி வேலைக்கு எடுத்தவர்களின் பட்டியலை வெளியிட்டது; செல்வாக்குள்ளவர்களின் ஆட்களுக்கே இடம் போயிற்று என்று ஊர் எழுந்துவிட்டது. வேலையில்லாத இளைஞர்களும் சுரங்கத் தொழிலாளர்களின் விதவைகளும் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். பென் அலி போலீசை அனுப்பி அடக்கினார்.

"வேலை, விடுதலை, தேசத்தின் மானம்" என்றுதான் 2010 டிசம்பரில் முழக்கம் எழுந்தது. முதலில் வருவது வேலை. பத்தாண்டில் ஆட்சிக்கு வந்த ஒவ்வொருவரும் இரண்டாவதைக் கொடுத்துவிட்டு முதலாவதை அடுத்த அரசு பார்த்துக்கொள்ளும் என்று தள்ளிப்போட்டார்கள். வேலையின்மை ஏறக்குறைய 15 சதவீதத்திலிருந்து கீழே இறங்கவே இல்லை. உள்மாவட்டங்களில் அதைவிட மோசம். அப்படிப்பட்ட ஊர்க்காரனிடம் போய் நாடாளுமன்றம் பூட்டப்பட்டுவிட்டது என்றால் அவன் எதற்கு அழ வேண்டும்?

மலைநாடன்

பொருநைக்கரை ஐயாவின் கேள்வியிலேயே ஒரு தவறு இருக்கிறது. கதவைத் திறந்தது யார் என்று 2021இல் தேடுகிறார். பென் அலியை விரட்டிய 2011 ஜனவரியிலேயே கதவு மட்டுமல்ல, சுவரும் இடிந்துவிட்டது.

பென் அலி நல்லவர் என்று நான் சொல்லவில்லை. அவர் காலத்தில் பொருளாதாரம் ஆண்டுக்கு நான்கு, ஐந்து சதவீதம் வளர்ந்தது. பெண்கள் படித்தார்கள். சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். அவரை விரட்டிய பிறகு 2015இல் பார்தோ அருங்காட்சியகத்தில் துப்பாக்கிச் சூடு, மூன்று மாதத்தில் சூஸ் கடற்கரையில் 38 பேர் கொலை. ஓட்டல்கள் காலி. இதெல்லாம் யார் தலையில் விடிந்தது? அந்த உள்மாவட்ட ஏழையின் தலையில்தான்.

மற்ற அரபு நாடுகளைப் பாருங்கள். லிபியா இரண்டாகப் பிளந்தது. ஏமன் பட்டினியில் விழுந்தது. சிரியாவில் பாதி மக்கள் வீட்டைவிட்டு ஓடினார்கள். சூடானில் 2019இல் அதிபர் பஷீரை இறக்கினார்கள். 2023 ஏப்ரலில் இரண்டு தளபதிகள் நாட்டைப் போர்க்களமாக்கிவிட்டார்கள். என் மைத்துனர் 2011இல் லிபியாவில் கட்டட வேலையில் இருந்தார். நம் அரசு ஏற்பாடு செய்த கப்பலில் பெங்காசியிலிருந்து அலெக்சாண்டிரியாவுக்கு வந்து, அங்கிருந்து ஊர் திரும்பினார். சம்பளப் பாக்கியும் போயிற்று, கையிலிருந்த சாமானும் போயிற்று. எந்தப் புரட்சியும் அந்தக் கணக்கைத் தீர்க்கவில்லை. அரசு என்ற ஒன்று இருந்தால்தான் அதைத் திருத்த முடியும். அது கவிழ்ந்த பிறகு நியாயம் கேட்க யாரிடம் போவது?

நெய்தல்

மலைநாடன் அவர்களுக்கு.

முதலில் அந்த நான்கு, ஐந்து சதவீத வளர்ச்சி. உலக வங்கி 2014இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. பென் அலி குடும்பத்தோடு தொடர்புடைய 220 கம்பெனிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். நாட்டின் தனியார் துறை லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அவற்றின் பைக்குப் போயிருந்தது. அவை கொடுத்த வேலைவாய்ப்போ மிகச் சொற்பம். தொலைபேசி, விமானம், நிலம் என்று எந்தத் தொழிலில் லாபம் வருகிறதோ அதற்கு லைசென்ஸ் கட்டுப்பாடு போட்டு, வெளியார் நுழையாதபடி சட்டத்தையே வளைத்திருந்தார்கள். அந்த வளர்ச்சியில் புவாஸிஸிக்குக் கிடைத்தது தள்ளுவண்டி. அதற்கும் மாமூல் கேட்டார்கள்.

பெண்கள் உரிமையை பென் அலியின் கணக்கில் எழுதாதீர்கள். பலதார மணத்தைத் தடை செய்து விவாகரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்த சட்டம் 1956 ஆகஸ்டில் வந்தது. அது பென் அலிக்கு முன் நாட்டை ஆண்ட புர்கீபா செய்தது.

சிரியாவுக்கு வருவோம். 2011 மார்ச்சில் தரா ஊரில் பள்ளிப் பையன்கள் ஆட்சிக்கு எதிராகச் சுவரில் எழுதினார்கள். அவர்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தார்கள். பிள்ளைகளைக் கேட்டுத் திரண்ட பெற்றோர்மீதும் ஊர்க்காரர்மீதும் சுட்டார்கள். அந்த நாட்டைச் சுடுகாடாக்கும் முடிவை எடுத்தவர் அன்றைய அதிபர் பஷார் அல் அஸத். பிள்ளையைத் திருப்பிக் கொடு என்று கேட்டதை அதற்குக் காரணமாகச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. உங்கள் மைத்துனர் பட்ட பாடு உண்மையானது. பெங்காசியில் ஆர்ப்பாட்டக்காரர்கள்மீது கனரகத் துப்பாக்கியைத் திருப்பியவர் கதாஃபி. பாக்கிக் கணக்கை அங்கேயும் கொஞ்சம் எழுதுங்கள்.

இனி பொருநைக்கரை ஐயாவோடு எனக்குள்ள சண்டை. வேலைதான் முதல், அரசியல் சட்டம் பிறகு என்பது போலப் பேசுகிறீர்கள். நான் வழக்கறிஞர் தொழிலில் இருப்பவள். அப்படிப் பிரித்துப் பார்க்க என்னால் முடியாது. 2014 அரசியல் சட்டத்தின் 80ஆவது பிரிவை வைத்துத்தான் சயீத் அத்தனையும் செய்தார். உடனடி ஆபத்து இருந்தால் அதிபர் அசாதாரண நடவடிக்கை எடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. அதே பிரிவு, அந்தக் காலம் முழுவதும் நாடாளுமன்றம் இடைவிடாது கூடியிருப்பதாகவே கருதப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. முப்பது நாள் ஆன பிறகு, இந்த நிலை தொடரலாமா என்று அரசியல் சாசன நீதிமன்றத்திடம் கேட்கலாம் என்றும் சொல்கிறது.

அந்த நீதிமன்றம் எங்கே? இல்லை. ஒரு நாள்கூட இருந்ததில்லை. பன்னிரண்டு நீதிபதிகளில் நான்கு பேரை நாடாளுமன்றம் 145 வாக்குப் பெரும்பான்மையில் தேர்ந்தெடுக்க வேண்டும். 2014 தேர்தல் முடிந்து ஓராண்டுக்குள் செய்திருக்க வேண்டிய வேலை. 2021 வரை அவர்களால் ஒரே ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்க முடிந்தது. உன் ஆள் வேண்டாம், என் ஆள் வேண்டும் என்ற இழுபறியிலேயே இரண்டு நாடாளுமன்றக் காலம் போயிற்று. கடைசியில் 2021 வசந்தத்தில் விழித்துக்கொண்டு பெரும்பான்மையைக் குறைக்கச் சட்டம் கொண்டுவந்தபோது, காலக்கெடு தாண்டிவிட்டது என்று சொல்லி சயீத் கையெழுத்துப் போட மறுத்தார். அவர் அரசியல் சட்டம் கற்பித்த விரிவுரையாளர். காவலாளி இல்லாத வீடு எது என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

காயல்காற்று

எல்லாப் பழியும் கட்சிகள்மீது என்று முடிப்பதற்கு முன் அந்நஹ்தா என்ற இஸ்லாமியக் கட்சியின் நிலையில் நின்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். நான் அந்தக் கட்சிக்காரன் அல்லன். வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் அரபுத் தொலைக்காட்சியில் இந்தச் செய்திகளை அன்றாடம் பின்தொடர்ந்தவன்.

2011 ஜனவரி 14 மாலை பென் அலி ஜித்தாவுக்கு ஓடிய செய்தி வந்தது. பிறகு பல நாள் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். வயதான துனிசியர் ஒருவர், நரைத்த தலையைக் கையால் தடவிக்கொண்டே, இந்த வரலாற்றுத் தருணத்துக்காகக் காத்திருந்தே கிழவராகிவிட்டோம் என்கிறார். கூட இருந்த எகிப்தியர், சூடானியர், சிரியர் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அந்த மனிதரின் குரலைக் கேட்டவர் எவரும் இது நடந்திருக்கவே கூடாது என்று சொல்ல மாட்டார், மலைநாடன்.

அந்நஹ்தாவுக்கு வருகிறேன். பென் அலி காலத்தில் அந்தக் கட்சியின் ஆயிரக்கணக்கானோர் சிறையில் கிடந்தார்கள். அதன் தலைவர் ராஷித் கன்னூஷி இருபதாண்டுக்கு மேல் வெளிநாட்டில் அகதி. 2011 அக்டோபர் 23 தேர்தலில் 217 இடத்தில் 89 பெற்றுப் பெரிய கட்சியாக வந்தார்கள். வந்தவர்கள் ஷரீஆவை அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. 2013இல் இடதுசாரித் தலைவர் ஷுக்ரி பெல்ஈத் பிப்ரவரியிலும் முகம்மது பிராஹ்மி ஜூலையிலும் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாடு கொதித்தது. அந்நஹ்தாவினர் தேர்தலில் தோற்காமலேயே ஆட்சியை விட்டு இறங்க ஒப்புக்கொண்டார்கள். தொழிலாளர் சங்கம், முதலாளிகள் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் உட்கார வைத்துப் பேசி முடித்த சமரசம் அது. 2015இல் அந்த நால்வருக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஏன் இறங்கினார்கள்? அந்த நாட்களில் எகிப்தில் நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2013 ஜூலை 3 அன்று முஸ்லிம் சகோதரத்துவ இயக்கத்தைச் சேர்ந்த அதிபர் முர்ஸியை ராணுவம் கவிழ்த்தது. ஆகஸ்டு 14 அன்று ராபியா சதுக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய ஆதரவாளர்களைச் சுட்டார்கள். ஒரே நாளில் குறைந்தது 817 பேர் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் கணக்கெடுத்தது. அதைப் பார்த்த பிறகு, பழைய ஆட்சியின் ஆட்களோடு ஒரே மேசையில் உட்கார ஒப்புக்கொண்டதைப் பதவி ஆசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பொருநைக்கரை

காயல்காற்று சொன்ன அச்சத்தை மதிக்கிறேன். 2013இல் இறங்கியது பெரிய காரியம். ஆனால் நீங்கள் 2013லேயே நிறுத்திக்கொண்டீர்கள்.

அதே கட்சி 2015இல், பென் அலி காலத்து ஆட்களுக்கும் இடம் கொடுத்திருந்த நிதா தூனிஸ் கட்சியோடு கூட்டணி ஆட்சியில் சேர்ந்தது. 2017 செப்டம்பரில் பழைய ஆட்சியில் ஊழலுக்குத் துணைபோன அதிகாரிகளை மன்னிக்கும் சட்டம் நிறைவேறியது. எதிர்த்து இளைஞர்கள் தலைநகரில் மாதக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். பழைய ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்க உண்மை மற்றும் கண்ணிய ஆணையம் என்று ஒன்றை அமைத்தார்களே, அதனிடம் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அதன் கால நீட்டிப்புக்கே 2018இல் நாடாளுமன்றம் முட்டுக்கட்டை போட்டது. உயிர் தப்புவதற்குச் சமரசம் தேவைப்பட்டிருக்கலாம். சித்திரவதைக்கு ஆளானவர்களின் வழக்கையா அதற்கு விலையாகக் கொடுப்பது?

அடுத்தது பிழைப்பு. 2017 வசந்தத்தில் தெற்கே தத்தாவீன் மாவட்டத்துப் பாலைவனத்தில், கமூர் என்ற இடத்தில், இளைஞர்கள் கூடாரம் அடித்தார்கள். எங்கள் மண்ணிலிருந்து எண்ணெய் போகிறது, எங்களுக்கு வேலை இல்லை என்றார்கள். எண்ணெய்க் குழாயின் வால்வையே மூடிவிட்டார்கள். பாதுகாப்புப் படையின் வாகனம் மோதி ஓர் இளைஞர் இறந்தார். பிறகு அரசு ஒப்பந்தம் போட்டது. இத்தனை பேருக்கு வேலை, இவ்வளவு வளர்ச்சி நிதி என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். தொழிலாளர் சங்கமே சாட்சி. மூன்று ஆண்டு கழித்து, 2020இல், அதே இளைஞர்கள் அதே வால்வை மூட அதே பாலைவனத்துக்குப் போனார்கள். எழுதிக் கொடுத்ததில் பெரும்பகுதி நடக்கவே இல்லை.

எனக்கு இந்த வால்வு போதும், பத்தாண்டின் கதையைச் சொல்ல. ஆளும் கட்சிகள் மாறின, பிரதமர்கள் மாறினார்கள், பன்னாட்டு நிதியத்திடம் 2013இல் ஒரு கடன், 2016இல் பெரிய கடன். மானியத்தைக் குறை, புதிதாக ஆள் எடுக்காதே என்று அவர்கள் நிபந்தனை போட்டார்கள். கமூர் இளைஞர்களுக்கு அரசு கொடுத்த வாக்கு அதற்கு நேர் எதிர். இரண்டையும் காப்பாற்ற முடியாது என்று வாய்திறந்து சொல்லும் துணிச்சல் எந்தப் பிரதமருக்கும் இருக்கவில்லை.

2021 ஜூலையில் கொரோனா நோயாளிகளுக்கு ஆக்சிஜன் இல்லை. நாடாளுமன்றத்திலோ உறுப்பினர்கள் கைகலப்பில். நெய்தல் சகோதரி, அரசியல் சாசன நீதிமன்றம் இருந்திருந்தாலும் அன்றிரவு அதன் வாசலில் நின்று காக்க எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

மலைநாடன்

நீங்களே என் வாதத்தைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். பத்தாண்டு வாக்குரிமை கொடுத்தும் ஒரு வால்வுப் பிரச்சினையைத் தீர்க்க முடியவில்லை. மக்கள் வெறுத்துப்போய் ஒரு கண்டிப்பான ஆளைத் தேடினார்கள். 2019இல் சயீதுக்கு 72 சதவீதம் வாக்களித்தது யாருடைய மிரட்டலாலும் அல்ல. படித்த இளைஞர்களே அதிகமாகப் போட்டார்கள். கட்சி இல்லாதவர், லஞ்சக் கறை இல்லாதவர் என்று நம்பினார்கள். அந்த மக்களின் விருப்பத்தை மதிக்க வேண்டாமா?

நெய்தல்

மதிக்கிறேன், மலைநாடன். அதனால்தான் அடுத்தடுத்த எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்கிறேன். 2022 ஜூலையில் அவரே எழுதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு: வந்தவர்கள் முப்பது சதவீதம். அந்த டிசம்பரில் புது நாடாளுமன்றத்துக்குத் தேர்தல்: வந்தவர்கள் பதினொரு சதவீதம் அளவில். 2019இல் வரிசையில் நின்ற அதே இளைஞர்கள்தான் இப்போது வீட்டில் இருக்கிறார்கள். பலர் வீட்டிலும் இல்லை; இத்தாலியின் லம்பதூசாத் தீவுக்குப் படகேறிவிட்டார்கள்.

கண்டிப்பான ஆள் வந்தார் என்றால் வால்வு திறந்திருக்க வேண்டும் அல்லவா? பன்னாட்டு நிதியத்தின் கட்டளையை ஏற்க மாட்டேன் என்று 2023இல் முழங்கினார். சர்க்கரை, மாவு, பால் கடைகளில் கிடைக்காமல் மக்கள் அலைந்தார்கள். ரொட்டிக் கடை வாசலில் வரிசை நீண்டது. பதுக்கல்காரர்கள், சதிகாரர்கள் என்று பேசினார். அதே ஆண்டு பிப்ரவரியில் சகாராவுக்குத் தெற்கேயிருந்து வந்த கறுப்பின மக்கள்மீது பழியைத் திருப்பினார். வாடகை வீடுகளிலிருந்து அவர்களை இரவோடிரவாகத் துரத்தினார்கள். வேலை எங்கே?

சுடர்விழி

இதுவரை வாசித்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் கட்சிகளையும் அதிபரையும் பேசுகிறீர்கள். துனிசியாவில் இவர்களைவிட வலுவான ஒரு சக்தி இருந்தது. அதைப் பற்றி ஒரு வரிதான் வந்திருக்கிறது. நான் தொழிற்சங்கக் குடும்பத்தில் வளர்ந்தவள். அதனால் துனிசியப் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் கதையைச் சொல்லாமல் இந்த விவாதத்தை விட மனமில்லை.

1946இல் ஃபர்ஹாத் ஹஷாத் தொடங்கியது. பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த போராட்டத்தில் அவரை 1952இல் கொன்றுவிட்டார்கள். விடுதலைக்குப் பிறகும் அரசு அதை முழுதாக விழுங்க முடியவில்லை. 1978 ஜனவரி 26 பொது வேலைநிறுத்தத்தில் ராணுவம் சுட்டு எத்தனையோ பேர் செத்தார்கள். 1984 ஜனவரியில் ரொட்டி விலையை ஏற்றியபோது நாடு எழுந்தது; புர்கீபாவே தொலைக்காட்சியில் வந்து ஏற்றியதைத் திரும்பப் பெற்றார். பென் அலி அதன் தலைமையை வளைத்து வைத்திருந்தாலும், உள்ளூர்க் கிளைகள் வளையவில்லை. 2010 டிசம்பரில் சிதி பூஸித், கஸ்ஸரீன், தாலா ஊர்களில் போலீஸ் துரத்தினால் இளைஞர்கள் ஓடி ஒளிந்தது சங்கக் கட்டடத்தில்தான். ஆசிரியர் சங்கக்காரர்கள்தான் செய்தியை வெளியே கொண்டுபோனார்கள். ஜனவரி 12 ஸ்ஃபாக்ஸ் நகரில் மாவட்ட வேலைநிறுத்தம், கடல் போலக் கூட்டம். 14ஆம் தேதி தலைநகரில் வேலைநிறுத்தம். புர்கீபா சாலையில் உள்துறை அமைச்சகத்தின் முன் கூட்டம். அன்று மாலை பென் அலி போய்விட்டார்.

எகிப்தில் இது இல்லை. மஹல்லா நெசவாலைத் தொழிலாளர்கள் 2006லும் 2008லும் எழுந்தார்கள். ஆனால் தேசிய அளவில் சங்கக் கூட்டமைப்பு அரசின் கையில். தஹ்ரீர் சதுக்கத்தில் பதினெட்டு நாள் நின்ற மக்களுக்கு, அதிபர் முபாரக் போன பிறகு, அவர்கள் பெயரால் பேச ஓர் அமைப்பு இல்லை. ராணுவமோ தொழிற்சாலை, நிலம், சாலை எல்லாம் வைத்திருக்கும் முதலாளி. ஆண்டுக்கு 130 கோடி டாலர் அமெரிக்க உதவி வேறு. துனிசிய ராணுவம் சிறியது, வியாபாரம் செய்யாதது. இரு நாடுகளின் பாதை பிரிந்ததற்கு என் கணக்கில் இதுதான் காரணம்.

இப்போது பொருநைக்கரை அண்ணாவின் கேள்விக்கு என் பதில். 2021 ஜூலை 26 அதிகாலை, பார்தோவில் நாடாளுமன்ற வாசல். உள்ளே ராணுவ வாகனம், கம்பிக் கதவு பூட்டியிருக்கிறது. நாடாளுமன்றத் தலைவரான எண்பது வயது கன்னூஷி காரில் உட்கார்ந்திருக்கிறார். கூட வந்த துணைத் தலைவர் சமீரா ஷவாஷி கதவுக்கு இந்தப் பக்கம் நின்று, அரசியல் சட்டத்தைக் காப்பதாக நாங்கள் சத்தியம் செய்திருக்கிறோம் என்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து சிப்பாய், தாய்நாட்டைக் காப்பதாக நாங்கள் சத்தியம் செய்திருக்கிறோம் என்கிறார். அந்தக் காட்சி நாடு முழுவதும் ஓடியது.

அந்த வாசலுக்கு அன்று வந்திருக்க வேண்டியவர்கள் வரவில்லை. தொழிலாளர் சங்கம் அறிக்கை விட்டது: அரசியல் சட்ட உத்தரவாதங்கள் வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஏறக்குறைய ஏற்றுக்கொண்டது. மதச்சார்பற்ற கட்சிகளில் பலவும் இடதுசாரிகளில் ஒரு பகுதியும் கைதட்டின. ஏன்? அடி விழுந்தது கன்னூஷியின் முதுகில். பெல்ஈத்தின் ரத்தத்துக்கு அந்நஹ்தாவினர் பதில் சொல்லவில்லை என்ற கோபம் எட்டு ஆண்டாக இருந்தது. அது நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்தில், வெட்டுவது யார் கை என்று பார்க்கத் தவறினார்கள்.

எகிப்திலும் இதே கதைதான். 2013 ஜூலை 3 அன்று ராணுவத் தளபதி சீசி முர்ஸியை நீக்கியதாக அறிவித்தபோது அருகில் அமர்ந்திருந்தவர்களில் முகம்மது அல் பராதியும் ஒருவர். சுதந்திரச் சிந்தனையாளர்களின் நம்பிக்கை அவர். ராபியாவில் ரத்தம் ஓடிய அன்று ராஜினாமா செய்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஆர்ப்பாட்டத் தடைச் சட்டம் வந்தது. முபாரக்கை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஏப்ரல் 6 இயக்கத்தின் அகமது மாஹிர் சிறைக்குப் போனார். முர்ஸியின் சகோதரத்துவக் கட்சியும் சும்மா இருக்கவில்லை. 2012 நவம்பரில் தன் ஆணைகளை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது என்று முர்ஸி பிரகடனம் செய்தார். அன்றே பாதிப்பேர் அவரை விட்டுப் போய்விட்டார்கள்.

ஆகவே கதவைத் திறந்தது பசி மட்டும் என்று நான் ஒப்பமாட்டேன், அண்ணா. பசித்தவன் 2018லும் தெருவுக்கு வந்தான். அன்று எந்தத் தளபதியும் வரவில்லை. சர்வாதிகாரியைவிட எதிர்க்கட்சிக்காரனைப் பார்த்து அதிகம் பயந்தவர்களே கதவைத் திறந்தார்கள். இரண்டு பக்கத்திலும் இருந்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2023 ஜனவரியில் நெடுஞ்சாலைச் சுங்க ஊழியர் சங்கச் செயலாளரை வேலைநிறுத்தத்துக்காகக் கைது செய்தார்கள். 2024 மே மாதம் வழக்கறிஞர் ஸோனியா தஹ்மானி தொலைக்காட்சியில் நாட்டின் நிலைமையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதற்காக, முகமூடி போட்ட போலீசார் வழக்கறிஞர் சங்கக் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து பிடித்துப்போனார்கள். ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிக் குழு அப்போது நேரலையில் இருந்தது; கேமராவையும் நிறுத்திவிட்டார்கள். நோபல் பரிசு வாங்கிய நால்வரில் ஒன்றின் கட்டடம் அது.

காயல்காற்று

சுடர்விழி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். பெல்ஈத் கொலைக்கு முன்பே, புரட்சிப் பாதுகாப்புக் கழகம் என்ற பெயரில் கூட்டங்களைக் கலைத்துத் திரிந்த அடியாட்களை அந்நஹ்தா கண்டித்து அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை. அந்தக் காலத்தில் கண்ணை மூடிக்கொண்டவர்களுக்கு 2021இல் கைகொடுக்க யாரும் வராததில் வியப்பில்லை.

ஆனால் ஒன்று. இன்று சிறையில் யார் யார் என்று பாருங்கள். கன்னூஷி 2023 ஏப்ரலிலிருந்து உள்ளே. பென் அலியின் கட்சியிலிருந்து வந்து, கன்னூஷியை நாடாளுமன்றத்திலேயே நாள்தோறும் எதிர்த்த அபீர் மூஸி அந்த அக்டோபரிலிருந்து உள்ளே. ஆட்சிக் கவிழ்ப்பை முதல் நாளிலிருந்து எதிர்த்த இடதுசாரி ஜவ்ஹர் பின் முபாரக் உள்ளே. 2025 ஏப்ரலில் சதி வழக்கு என்று ஏறக்குறைய நாற்பது பேருக்கு நீண்ட சிறைத் தண்டனை கொடுத்தார்கள். ஒரு மேசையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தவர்கள் எல்லோரும் இன்று கைதிகள்.

மலைநாடன்

நெய்தல் அவர்கள் சொன்ன உலக வங்கிக் கணக்கை மறுக்கவில்லை. சிரியாவில் முதலில் சுட்டது அரசு என்பதையும் மறுக்கவில்லை. ஆனாலும் என் கேள்வி நிற்கிறது, அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சுடர்விழி சொன்ன அந்தச் சங்கம் 2011இல் பென் அலியை விரட்டாமல், ரெதெயெஃப் ஊருக்கு வேலை கொடு, நகராட்சியின் அடாவடியை நிறுத்து என்று பேரம் பேசியிருந்தால்? ஜனவரி 13 இரவு அவரே தொலைக்காட்சியில் வந்து, உங்களைப் புரிந்துகொண்டேன், 2014இல் போட்டியிட மாட்டேன், இனிச் சுட மாட்டார்கள் என்றாரே. அந்த மூன்று ஆண்டைக் கட்சி கட்டவும் நீதிமன்றம் அமைக்கவும் பயன்படுத்தியிருக்கலாமே.

சுடர்விழி

பேசுவதற்குச் சில நாள் முன்புதான் தாலாவிலும் கஸ்ஸரீனிலும் கூரைமேல் நின்று குறிபார்த்துச் சுட்டிருந்தார்கள், மலைநாடன். பிணங்களை எடுத்துப் போன ஊர்வலத்தின்மீதும் சுட்டார்கள். 1987 நவம்பரில் புர்கீபாவை இறக்கியபோதும் இதே மனிதர் ஆயுட்கால அதிபர் பதவி இனி இல்லை என்று வாக்குக் கொடுத்தார். பிறகு அரசியல் சட்டத்தைத் திருத்தித் திருத்தி 23 ஆண்டு இருந்தார். அவரிடம் மூன்று ஆண்டு கொடுத்திருந்தால் சங்கத் தலைவர்களைத்தான் முதலில் தூக்கியிருப்பார். 2008இல் ரெதெயெஃப் போராட்டத்தின் தலைவர் அத்னான் ஹாஜியை அப்படித்தான் சிறையில் போட்டார். பேரம் பேசிப் பார்த்த ஊர் அது.

பொருநைக்கரை

சுடர்விழியின் வாதம் என் வாதத்தின் பாதியை எடுத்துவிட்டது. மற்ற பாதியை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கட்சிகளின் பகை கதவைத் திறந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பகை எதைப் பற்றியது? மதமா, மதச்சார்பின்மையா என்பதைப் பற்றி. பத்தாண்டும் தலைநகரின் தொலைக்காட்சி அரங்குகளில் அதைத்தான் பேசினார்கள். கஃப்ஸாவிலிருந்து பாஸ்பேட் ரயிலில் ஏறி காபெஸ் கடற்கரைக்குப் போகிறது. அங்கே ரசாயன ஆலை அதை உரமாக்கிவிட்டு, கழிவைக் கடலில் கொட்டுகிறது. காபெஸ் மக்கள் மூச்சு முட்டுகிறது என்று பல்லாண்டாகக் கத்துகிறார்கள். கழிவுப் பிரிவுகளை இடம் மாற்றுகிறோம் என்று 2017இல் அரசு வாக்குக் கொடுத்தது, மாற்றவில்லை. எந்தக் கட்சியும் இதற்காக ஆட்சியைக் கவிழ்க்கப் போவதாக மிரட்டியதில்லை.

2025 அக்டோபரில் பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போன பிறகு, 21ஆம் தேதி காபெஸ் முழுவதும் வேலைநிறுத்தம். பல்லாயிரம் பேர் ஊர்வலம். அழைத்தது யார் தெரியுமா, சுடர்விழி? உங்கள் சங்கத்தின் மாவட்டக் கிளை. மதவாதியா இடதுசாரியா என்று அந்த ஊர்வலத்தில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சயீதின் போலீஸ் கண்ணீர்ப்புகை வீசியது. நாளை இந்த ஆட்சி போய் வேறு ஆட்சி வந்தால், முதல் வேலையாக அந்த ஆலையை மூடுவேன் என்று எழுதிக் கொடுக்கும் கட்சி எது? அப்படி ஒன்று இருந்தால் சொல்லுங்கள், அதற்கு மேல் நான் வாதாடவில்லை.

சுடர்விழி

இன்று அப்படி ஒரு கட்சி இல்லை, அண்ணா. ஆலையில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கானவர்களும் அதே சங்கத்தின் உறுப்பினர்கள். அவர்கள் குடும்பத்துக்கு என்ன வழி என்று சொல்லாமல் ஆலையை மூடு என்று சங்கமும் சொல்ல முடியாது. காபெஸ் கிளை முதலில் அந்தக் கணக்கைத் தன் உறுப்பினர்களோடு உட்கார்ந்து போட வேண்டும். போடுவார்கள் என்று நம்புகிறேன்; தலைநகரிலுள்ள தலைமைமீது எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.